ஆஸ்பத்திரியில் இடும் கையெழுத்தும் நம்மவர் உரிமையும்

கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவகையின. பத்மநாபசுவாமி கோயிலையொட்டிய அக்கிரகாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு சாரார். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்தோ, கடைகளில் வேலை பார்த்தோ பிழைப்பவர்கள் மற்றொரு சாரார். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பின்னரும், நாகர்கோயில் பக்கத்து உறவினர்க்குப் பெருநோய் என்றால் இன்றும் திருவனந்தபுரந்தான் நினைவுக்கு வருகிறது. அதிகாலையில் பஸ் ஏறிக் கிழக்கேகோட்டையில் வந்திறங்கி, நம் வீடுகளில் பையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் எத்தனை பேர்! ஆகவே ஆஸ்பத்திரி விவகாரம் நம் இல்லங்களுக்குப் புறம்பான விஷயம் அல்ல. ஆயினும் அங்கே நீட்டப்படும் காகிதங்களில் நம்மவர் பெரும்பாலும் படிக்காமலே கையெழுத்திடுகின்றனர். மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர் நம்மிடையே மிகுதி. சட்டச் சொற்கள் நிறைந்த ஆங்கிலமோ கற்றவரையும் மயக்குவது. அவ்வாறு இடும் கையெழுத்தால் எதை இழக்கிறோம், எதை இழக்கவில்லை என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

முதலில் ஒரு செய்தி. பணம் பெற்றுச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி, தன் சேவையிற் குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கொள்கை நிலைபெறக் காரணமான வழக்குகளுள் ஒன்று, நம் நகரத்திலிருந்தே புறப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது டாக்டர்கள், "நாங்கள் கடைக்காரர்களா? எங்கள் தொழிலை இச்சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்தும்?" என்று வினவினர். திருவனந்தபுரம் காஸ்மோபாலிடன் ஆஸ்பத்திரி சம்பந்தமான அப்பீல்களில் தேசிய நுகர்வோர் ஆணையம் 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி தீர்ப்புக் கூறியது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் சட்டத்தின் பொருளில் 'சேவை'யே. நோயாளி இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளும் பிராது கொடுக்கலாம் என்பது அத்தீர்ப்பு. அந்த ஆஸ்பத்திரி சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. இதற்கிடையில் 1994-இல் சென்னை ஹைக்கோர்ட் நேர்மாறாக, வைத்தியம் இச்சட்டத்தின்கீழ் வராது என்று சொல்லிற்று. வழக்குகள் எல்லாம் ஒன்று சேர்ந்து, இந்திய மருத்துவர் சங்கத்துக்கும் வி. பி. சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கு என்ற பெயரில் 1995-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி முடிவு கண்டன. நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சி. அகர்வால், பி. எல். ஹன்சாரியா ஆகிய மூவரும், டாக்டர் தொழில் உயர்ந்ததேயானாலும் சட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று என்று தீர்த்தனர்.

அத்தீர்ப்பின் நுட்பங்களைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரியோ தர்ம ஆஸ்பத்திரியோ இச்சட்டத்துக்குள் வாராது. நுழைவுச் சீட்டுக்கென வாங்கும் சிறு தொகை கட்டணம் ஆகாது. ஆனால் சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில், இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ வேலை கொடுத்த முதலாளியோ பணம் கட்டினாலும் நோயாளிக்கு உரிமை குறையாது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 'சேவை' என்பதன் விளக்கத்தில் வைத்தியம் என்ற சொல் இல்லாமையால் மீண்டும் ஒரு சர்ச்சை எழுந்தது. அதை பம்பாய் ஹைக்கோர்ட் 2021-இலும், சுப்ரீம் கோர்ட் 2022-இலும் தள்ளிவிட்டன. இனி அதில் ஐயமில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் தவறு நேர்ந்தால் வழியே இல்லையோ எனில், உண்டு. ஆனால் அது சிவில் கோர்ட் வழி, நீண்ட வழி. 1963-ஆம் ஆண்டு ஔரங்காபாத்தில் பிரசவத்துக்குச் சென்ற ஒரு பெண்மணியின் வயிற்றில் அறுவைச் சிகிச்சையின்போது துண்டுத்துணி ஒன்றை விட்டுவிட்டுத் தைத்துவிட்டனர். அந்த மாதமே அவர் இறந்தார். மகாராஷ்டிர சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு வந்தது 1996-இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! தாயை இழந்த பிள்ளைகள் அதற்குள் நடுவயதை எட்டியிருப்பர்.

சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பற்றி முறையிட நம்மவர்க்கு மற்றொரு வசதியும் உண்டு. அதனை நம்மிற் பலர் அறியார். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் செக்ரடேரியட்டுக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். சுகாதார இலாகாவின் தலைமை அலுவலகம் இந்நகரிலேயே இருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதித் தன் குறையையே தெளிவின்றிச் சொல்வதைவிட, நல்ல தமிழில் தேதியோடும் விவரத்தோடும் எழுதுவது எவ்வளவோ மேல்.

நோய் தீரவில்லை என்பதனாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிடார். இதை நம்மவர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். அத்தொழிலில் தேர்ந்த ஒரு சாதாரண டாக்டர் எவ்வளவு கவனத்தோடு நடந்துகொள்வாரோ அவ்வளவு கவனம் காட்டப்பட்டதா என்பதே கேள்வி. 1957-இல் லண்டனில் ஒரு நீதிபதி வகுத்த இந்த அளவுகோலை நம் சுப்ரீம் கோர்ட்டும் 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் ஏற்றுக்கொண்டது. கிரிமினல் குற்றமாக வழக்குத் தொடுக்க வேண்டுமாயின் கவனக்குறைவு மிகப் பெரியதாக இருக்க வேண்டும்; அதற்கு முன் சார்பற்ற ஒரு டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும்; எடுத்த எடுப்பில் டாக்டரைக் கைது செய்யலாகாது என்றும் அது கூறிற்று. ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பவர் தம் வழக்கைத் தாமே உடைத்துக்கொள்கிறார் என்பது நம் கருத்து.

ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் சம்மதப் பத்திரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. "எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி வாய் திறக்க முடியாது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது ஒன்று. அஜாக்கிரதைக்குச் சம்மதிப்பது வேறு. பின்னதற்கு யாரும் சம்மதம் தருவதில்லை. சம்மதந்தானும் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை டெல்லி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2008-இல் விளக்கியது. பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்மணியின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயாரிடம் மட்டும் கேட்டுவிட்டு அகற்றினர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்தவர் மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்றது கோர்ட். என்ன சிகிச்சை, எதற்காக, அதனால் வரும் நன்மை யாது, ஆபத்து யாது, வேறு வழி உண்டா என்பவை நோயாளிக்குத் தெரிய வேண்டும். தெரியாத பாஷையில் அச்சிட்ட தாளில் கைந்நாட்டு வாங்குவது இந்த இலக்கணத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்று நாம் கேட்கிறோம். தமிழ் அறிந்த நர்ஸோ உதவியாளரோ இல்லாத ஆஸ்பத்திரி இந்நகரில் அரிது. அவரை அழைத்து வாசித்துச் சொல்லுமாறு கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாசித்துக் காட்டியவரின் பெயரை அந்தத் தாளிலேயே குறித்து வைக்குமாறும் கேட்கலாம்.

அடுத்தது பணம். விபத்தில் அடிபட்டு உயிருக்குப் போராடும் ஒருவரைப் போலீஸ் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பலாகாது என்பதை சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டின் சட்டமொன்று ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் லாபரேட்டரிகளையும் பதிவு செய்துகொள்ளவும், கட்டண விகிதங்களை யாவரும் காண வைக்கவும் கட்டளையிடுகிறது. அச்சட்டத்தை எதிர்த்து ஆஸ்பத்திரி உரிமையாளர்களும் மருத்துவர் சங்கமும் தொடுத்த அப்பீலை 2025-ஆம் ஆண்டு நவம்பரில் கேரள ஹைக்கோர்ட் தள்ளியது. அவசர நோயாளியை முன்பணம் இல்லை என்று மறுக்கக் கூடாது. கட்டணங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்றும் கூறியது. தமிழிலும் என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் எல்லைப்புறத்து ஏழைகள் எவ்வளவோ வாழ்த்துவர். கோர்ட் உத்தரவு குறைந்த அளவைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு தமிழ்ப் பலகை வைப்பதை யாரும் தடுக்கவில்லை. கிழக்கேகோட்டையையும் சாலையையும் சுற்றியுள்ள ஆஸ்பத்திரி நிர்வாகிகளை நம் போன்ற சங்கங்கள் நேரிற் கண்டு கேட்டுக்கொள்ளலாம். பில் பாக்கி இருக்கிறது என்பதற்காக நோயாளியைப் பிணையாகப் பிடித்து வைக்கலாகாது என்று 2017-இல் டெல்லி ஹைக்கோர்ட் சொன்னதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பாக்கியை வசூலிக்க ஆஸ்பத்திரிக்குச் சட்டப்படி வேறு வழிகள் இருக்கின்றன.

வழக்கு என்று போனால் வாயாற் சொல்வது நில்லாது, காகிதமே நிற்கும். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ரிக்கார்டுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அவை ரகசியம் என்று மறுக்க இயலாது; இந்நகரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் சம்பந்தமாக 2004-இல் எழுந்த வழக்கொன்றில், ரிக்கார்டு நகல் பெற நோயாளிக்கு உரிமை உண்டு என்று கேரள ஹைக்கோர்ட் தீர்த்திருக்கிறது. எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கு ஓர் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் நினைப்பர் என்பீர்கள். நியாயமே. அதனாலேதான் சற்று விலகி நிற்கும் ஓர் உறவினர், தம்பியோ மருமகனோ, இப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறோம்.

கெடு இரண்டு ஆண்டு. இந்தக் கெடுவைத் தவறவிட்டு, நல்ல வழக்கையும் இழந்தவர் பலர். தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம். அதை நம்பியிருத்தல் தகாது. பிராதை வழுதக்காட்டிலுள்ள மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நாம் கேட்கும் நஷ்டஈட்டுத் தொகை அன்று, ஆஸ்பத்திரிக்கு நாம் கட்டிய தொகையே. அது 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்; அதற்கு மேல் 2 கோடி வரை ராஜ்ய ஆணையம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கோர்ட் பீஸ் ஒரு காசும் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் சட்டம் செய்த பேருதவி ஒன்று உண்டு: பிராது கொடுப்பவர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே கொடுக்கலாம். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்ற நாகர்கோயில்காரர், நாகர்கோயில் மாவட்ட ஆணையத்திலேயே வழக்காடலாம். மாதந்தோறும் வாய்தாவுக்கென்று எல்லை தாண்டி வர வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வந்து தங்கும் உறவினர்களுக்கு இதைத் தவறாமற் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். கோட்டைக்குள் எத்தனை வீடுகளில் வயது முதிர்ந்த தம்பதிகள் தனியே இருக்கிறார்கள்! பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸ். இந்த ஏற்பாட்டில் சட்டம் ஒரு நுட்பமான வேற்றுமை செய்கிறது. 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே அது இருக்கிறது. எஜமானன்-வேலையாள் என்ற முறையில் நாமே நேரே சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டவரின் பணி நுகர்வோர் சட்டத்தின் 'சேவை'யில் அடங்காது. ஏஜென்சிக்குப் பணம் கட்டி அது ஆளை அனுப்பினாலோ, ஏஜென்சி செய்வது சேவையே. அனுப்பிய ஆள் தகுதியற்றவராயின் அந்த ஏஜென்சியைக் கேட்கலாம். இதனால் ஏஜென்சியின் பெயரால் ரசீது வாங்குவது அவசியம். ரசீதின்றிக் கையில் பணம் கொடுத்து நூறு இருநூறு மிச்சப்படுத்துபவர்கள், பின்னர் கேட்கும் உரிமையையே மிச்சமின்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹோம் நர்ஸ் என்ற பெயரில் வருபவரெல்லாம் நர்ஸ் அல்லர் என்பதையும் மறவாதீர்கள். கேரள நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இல்லையெனில் குளிப்பாட்டவும் உணவூட்டவும் சரி. ஊசி போடச் சொல்லலாகாது.

இது வீண் அச்சம் அன்று. 1993-இல் டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சலென்று சேர்த்த குழந்தைக்கு, டாக்டர் போட வேண்டிய ஊசியை நர்ஸ் போட்டார், மருந்தும் மாறிவிட்டது. குழந்தை பிழைத்தும் பிழையாத நிலையை அடைந்தது. தகுதியற்றவரை நர்ஸாக வேலைக்கு வைத்ததே ஆஸ்பத்திரியின் குற்றம் எனக் கொள்ளப்பட்டது. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்குத் தனியே 5 லட்சமும் அளித்த உத்தரவை 1998-இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. பெற்றோரும் நுகர்வோரே என்று அது சொன்னதால், அதற்குப் பின் எத்தனையோ தாய் தந்தையர்க்கு வழி பிறந்தது.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். நம் குடும்பத்துப் பெண்கள் பலர் நர்ஸ்களாக ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்கின்றனர். அவர்களிடம் 2 ஆண்டு, 3 ஆண்டு வேலை செய்வேன், விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று முச்சலிக்கா வாங்கும் வழக்கம் உண்டு. இது செல்லுமா? முழுவதும் செல்லும் என்பதும் தவறு, முழுவதும் செல்லாது என்பதும் தவறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. ஆகவே, விலகிய பின் இந்நகரில் வேறெந்த ஆஸ்பத்திரியிலும் சேரக் கூடாது என்ற ஷரத்துக்கு மதிப்பில்லை. குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஷரத்தோ வேறு. 2025-ஆம் ஆண்டு மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. அது அரசுடைமை வங்கியில் நல்ல சம்பளம் பெற்ற உயர் அதிகாரியின் விஷயம். அந்தத் தொகை அவர் நிலைக்கு மிகையன்று என்பதும் கோர்ட் கருதியவற்றுள் ஒன்று. அற்பச் சம்பளம் பெறும் ஒரு நர்ஸிடம் அதே தொகையைக் கேட்டால் நியாயம் மாறும். 74-ஆம் பிரிவின்படி எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். நியாயமான நஷ்டமே கிடைக்கும். கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்தக் கோர்ட்டும் உத்தரவிடாது.

சர்ட்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்வது இதனினும் கொடிது. சரிபார்க்க அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசலை ஒப்படைத்துவிட்டு வரலாகாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் தேதியிட்ட ரசீதையாவது எழுதி வாங்க வேண்டும். கேரள சர்க்கார் 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்று நிர்ணயித்ததும், தெருவில் இறங்கி நர்ஸ்கள் நடத்திய போராட்டத்தின் பலனே. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வாங்கச் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துச் செல்லாது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்பும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2015 முதல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களைச் சர்க்கார் ஏஜென்சிகள் வழியாகவே அனுப்பும் முறை வந்தது. கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகிய இரண்டும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. பதிவு பெற்ற ஏஜெண்டுகள்கூட 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கலாகாது. லட்சக்கணக்கில் கேட்பவர் யாராயினும், தாலியை அடகு வைக்குமுன் அந்த அலுவலகங்களில் போய் விசாரியுங்கள்.

சாலையில் கடைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களையும் மறக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் கேரளக் கடைகள் சட்டப்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி அல்லது அதற்கீடான சம்பளமின்றி நீக்கலாகாது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் உட்கார இடம் தர வேண்டும் என்பதும் 2018 முதல் சட்டமாயிற்று. நியமனக் கடிதம் ஒன்று கையில் இல்லாதவர்க்கு இவ்வுரிமைகளை நிரூபிப்பதே பெரும்பாடு. ஊர்க்காரர், உறவுக்காரர் கடை என்ற தாட்சண்யத்தால் கடிதம் கேட்காமலிருப்பது நம் குலத்து வழக்கம்.

ஏழைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும் எல்லாப் பெண்களுக்கும், 1987-ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. வஞ்சியூர் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்கலாம். அதே சட்டத்தின்கீழ் அமைந்த நிரந்தர லோக் அதாலத்து ஒன்றும் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சேவை பற்றிய தகராறுகளையும் அது எடுத்துக்கொள்ளும், பீஸும் இல்லை. முதலில் சமரசத்துக்கு முயலும். அது கூடாவிடில் தானே தீர்ப்பளிக்கும். அத்தீர்ப்பின்மேல் சாதாரண அப்பீல் கிடையாது. ஹைக்கோர்ட்டில் ரிட் மனுவே வழி. வேறு கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்ட பிறகு அங்கே செல்லவும் இயலாது. ஆதலின் இவ்விரண்டில் எது தமக்கு உகந்தது என்பதை, முதல் மனுவில் கையெழுத்திடுமுன்பே ஒரு வக்கீலைக் கலந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.